குடிபெயர்ந்த தேதி

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது குற்றம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் காலத்துப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு புருஷன் வீட்டு மூலையிலேயே பெற்றுப் போட்டிருப்பார்கள். ஆதிமூலத்தின் பெண்சாதிக்கும் தெரியவில்லை. முதல் பிள்ளையை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கரைமேட்டில், தன் அம்மா வீட்டில் பெற்றாள். எழுபத்தைந்து வருஷம் போன பிறகு அந்தப் பிள்ளையின் பேத்திக்கு இந்த ஊரில் உரிமை இல்லை என்கிறார்கள்.

எங்கள் காலனி பண்டசோழநல்லூருக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. தெற்கே ஒரு பாசன வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. நடவுக்குப் போகும் பெண்கள் காலையில் இந்த அரசாங்கத்தில் இறங்கி மத்தியானம் அந்த அரசாங்கத்தில் கரையேறுவார்கள். இந்தப் பக்கம் பிராந்தி மலிவு, அந்தப் பக்கம் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. இதைத் தவிர எங்களுக்குள் வேற்றுமை ஒன்றும் இருந்ததில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு கரைக்கும் பொதுதான்.

என் பெயர் அய்யனார். தாலுக்கா ஆபீசுக்கு எதிரே செராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருஷமாக இந்த வட்டாரத்தின் எல்லாச் சான்றிதழும் என் மிஷினுக்குள் போய்த்தான் வெளியே வந்திருக்கிறது. அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. எங்கள் ஜனத்துக்கு இங்கே இரண்டு வகைச் சாதிச் சான்றிதழ். அறுபத்து நாலாம் வருஷத்துக்கு முன்பே இங்கே குடியிருந்தவர்களின் வாரிசு என்று காட்டினால் ஒரிஜின். காட்ட முடியாதவர்கள் மைக்ரன்ட், அதாவது வெளியிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். ஒரிஜினுக்குப் படிப்பிலும் வேலையிலும் ஒதுக்கீடு உண்டு. மைக்ரன்டுக்குச் சாதி மட்டும் உண்டு. காலனியில் குடியிருக்கலாம், கோயில் தேர் தெருவுக்குள் வராது, டீக்கடையில் யார் என்று விசாரிப்பார்கள், எல்லாம் உண்டு. இடம் மட்டும் கிடையாது. என் தாத்தா அவர் வீட்டில் இரண்டாவது பிள்ளை, புருஷன் வீட்டுப் பிரசவம். அந்தப் புண்ணியத்தில் நான் ஒரிஜின்.

கமலக்கண்ணன் எனக்கு முறைக்குத்தான் பங்காளி, ரத்த சொந்தம் இல்லை, அடுத்த வீடு. திருபுவனையில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறான். காலை ஷிப்டு என்றால் ஐந்தே காலுக்கு அவன் பைக் சத்தம்தான் எனக்கு அலாரம். அவன் பெண்சாதி சிந்தாமணி நாற்றுப் பறிப்பு, நடவு, களை என்று வயலில் கிடப்பவள். வீட்டில் இரண்டு கறவை மாடு. அவர்கள் மகள் ஆதிலட்சுமி பிளஸ் டூ படித்தபோது ஒரு மத்தியானம் சிவப்பு மாடு கன்று போட முடியாமல் தவித்தது. மாட்டு டாக்டர் வேறு ஊரில் இருந்தார். அவர் போனில் சொல்லச் சொல்ல அந்தப் பெண் கையில் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு உள்ளே விட்டு, மடங்கியிருந்த முன்னங்காலை நேராக்கிக் கன்றை இழுத்துப் போட்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், கால்நடை டாக்டருக்குத்தான் படிப்பது என்று. நுழைவுத் தேர்வையும் எழுதினாள். ஒதுக்கீட்டுப் பட்டியலில் நின்றால் நாலாவது இடம். பொதுப் பட்டியலில் நின்றால் இருநூற்றுச் சொச்சம். சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

ஆனி மாதம் விண்ணப்பம் போட்டார்கள். உன் அப்பா சம்மந்தம் இங்கே இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கமலக்கண்ணனைக் கேட்டார்கள். அவன் அப்பா செத்து ஐந்து வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் கால் வைக்காதவர், சின்ன வயசில் பண்ணை மாடு மேய்த்தவர். நிலமும் இல்லை. காலனி மனைக்குப் பட்டா வந்ததே எண்பதுக்கு மேல். பேப்பர் கேட்கிறார்களே என்று இவன் என்ன செய்தான் என்றால், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கத்து ஆபீசுக்குப் போய்ப் பழைய பிறப்பு ஏட்டிலிருந்து அப்பாவின் பிறப்புச் சான்றை எடுத்துக்கொண்டு வந்தான். சம்மந்தம், தகப்பன் ஆதிமூலம், பிறந்த இடம் கரைமேடு. எப்படியோ ஒரு பேப்பர் கிடைத்ததே என்று பூரித்துப்போய் என் கடையில் மூன்று காப்பி போட்டான். நானும் போட்டுக் கொடுத்தேன். எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். பதினாறு வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொள்கிறேனே, அன்றைக்கு அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

துணை தாசில்தார் அந்தத் தாளை ஒரு தரம்தான் பார்த்தார். உங்கள் அப்பா தமிழ்நாடு, நீங்கள் மைக்ரன்ட் என்று சொல்லிவிட்டார். கத்தவில்லை, விரட்டவில்லை. உட்காரச் சொல்லித்தான் சொன்னார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

பண்ணைக்காரர் வாரிசு டவுனில் இருக்கிறார். நானும் கமலக்கண்ணனும் போய்ப் பார்த்தோம். இவன் தாத்தா உங்கள் தாத்தாவிடம் படியாளாக இருந்தார், ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டோம். மாடுகளுக்குக்கூடப் பெயர் எழுதி வைத்திருந்ததாகவும் ஆட்கள் பெயரை யாரும் எழுதவில்லை என்றும் சொன்னார். வருத்தமாகத்தான் சொன்னார். காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம்.

நடீன் கதையை இங்கே சொல்ல வேண்டும். அந்த அம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. குவாதலூப் என்று உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு தீவு. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து கப்பல் கப்பலாக ஆள் ஏற்றிக் கரும்பு வெட்டக் கொண்டுபோன இடம். அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் அப்படிப் போனவன். கப்பல் பதிவேட்டில் அவன் பெயர், வயது, ஊர், சாதி, தகப்பன் பெயர், இடது கணுக்காலில் இருந்த தழும்பு வரைக்கும் எழுதி வைத்திருந்தார்கள். பெயர் சம்மந்தம், தகப்பன் ஆதிமூலம், ஊர் எங்கள் ஊர். விண்ணப்பம் போடுவதற்கு முந்தின தை மாதம் அந்தத் தாளின் நகலோடு, ஒரு பெட்டி நிறைய டி.என்.ஏ. சோதனைக்கான சின்னக் குப்பிகளை எடுத்துக்கொண்டு வந்தாள். காலனியில் பதினெட்டுப் பேர் எச்சில் துப்பிக் கொடுத்தோம். மொழிக்குப் போன்தான். அவள் பிரெஞ்சில் சொன்னால் போன் தமிழில் பேசும்.

கமலக்கண்ணனின் அத்தை அமிர்தமும் துப்பினாள். செத்துப்போன சம்மந்தத்தின் கூடப்பிறந்த தங்கை அவள், அடுத்த பிள்ளை. அந்தோணிசாமி என்கிற வேதக்காரரைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கி மாதா கோயில் தெருவில் இருக்கிறாள். எழுபத்திரண்டு வயதிலும் களை வெட்டப் போகிறவள். குப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "எங்க தாத்தன் தெருவுல துப்பக்கூடாதுன்னு கழுத்துல கலயம் கட்டினு போனானாம். இந்த அம்மா நம்ம எச்சிலக் கேட்டு வாங்கினு போறா" என்றாள். போன் அதை எப்படி மொழிபெயர்த்ததோ, நடீன் அந்தக் குப்பியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வைகாசியில் முடிவு வந்தது. பதினெட்டுப் பேரில் கமலக்கண்ணனும் அமிர்தமும்தான் நடீனுக்கு ரத்த சொந்தம். ஐந்து தலைமுறைக்கு முன்னால் ஒரே தாய் தகப்பன். கப்பலேறிய சம்மந்தத்துக்கு இங்கேயே நின்றுபோன ஒரு அண்ணனோ தம்பியோ இருந்திருக்கிறான், அவன் வழி இவர்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் அந்த வீட்டில் ஆதிமூலமும் சம்மந்தமும் மாறி மாறி வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். அப்போது அதை ஒரு அதிசயமாகத்தான் பேசிக்கொண்டோம். இதை வைத்து ஆபீசில் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆவணியில் நடீன் மறுபடி வந்தாள், இந்தத் தடவை சொந்தக்காரியாக. நல்ல மழை அன்றைக்கு. சிந்தாமணி நாற்றங்காலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து, குளித்துவிட்டு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நடீன் பாயில் உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டாள். தன் பாட்டன் வரைக்கும் கரும்பு வெட்டியதாகவும், தன் அப்பாதான் முதலில் பள்ளிக்கூடம் போனதாகவும், தான் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றதாகவும் சொன்னாள். அந்தத் தீவில் அவர்களை யாரும் சாதி கேட்பதில்லையாம். சிந்தாமணி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அமிர்தம் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய தாளைக் கொண்டுவந்திருந்தாள். கலியாணத்துக்குச் சாமியார் கேட்டார் என்று அந்தக் காலத்தில் மேரியிலிருந்து வாங்கியது. மேரி என்றால் பெரியவர்கள் பேச்சில் கொம்யூன் ஆபீஸ், பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி. தாள் முழுக்கப் பிரெஞ்சு. ஐம்பது வருஷமாக அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. நடீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள், போன் தமிழில் சொல்லிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம், பெண் குழந்தை, பெயர் அமிர்தம், தகப்பன் ஆதிமூலம், தொழில் விவசாயக் கூலி, குடியிருப்பு இதே ஊர்.

ஆதிலட்சுமிதான் முதலில் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டில் ஆதிமூலம் இங்கே குடியிருந்திருக்கிறார், வெள்ளைக்காரன் கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கிறான். அமிர்தமும் தன் அப்பாவும் அத்தை மருமகன் என்று டி.என்.ஏ. சொல்கிறது. அப்படியென்றால் அந்த ஆதிமூலம்தான் தன் தாத்தாவின் தகப்பன். இனி என்ன வேண்டும் என்றாள். கமலக்கண்ணன் கைகழுவ எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அமிர்தத்துக்கு மட்டும் முகம் சுருங்கிப்போயிற்று. அவளுக்கு நாலு பிள்ளைகள். ஒருவருக்கும் ஒதுக்கீடு கிடைக்கவில்லை, வேதக்காரர்கள் என்று.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தோம்" என்றாள். "எனக்கு ஊரு இருக்குதாம், சாதி இல்லியாம். எங்க அண்ணனுக்குச் சாதி இருக்குதாம், ஊரு இல்லியாம். இன்னாடி கணக்கு இது? ரெண்டையும் ஒண்ணா வெச்சா நாம மேல வந்துடுவோம்னு ஆளுக்கு ஒண்ணா புடுங்கினு உட்டுட்டானுவளா?"

அவள் தாளை மடித்து ஆதிலட்சுமி கையில் கொடுத்தாள். எத்தனை காப்பி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழா. கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகளை வரவேற்கிறோம் என்று ஒரு சங்கத்துக்காரர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். கடைத்தெருவில் ஆறடிக்கு பிளக்ஸ் வைத்தார்கள். "தாய்மண்ணுக்குத் திரும்பிய எங்கள் மகளே வருக" என்று நடீன் படத்தைப் போட்டு, சுற்றி இருபது பேர் படம். அதில் எங்கள் காலனி ஆள் ஒருவனும் இல்லை. மேளம், மாலை, சால்வை எல்லாம் நடந்தது. தங்கள் தெரு வழியாக எங்கள் பிணத்தைக் கொண்டுபோக விடாதவர்கள், நடீன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஆரத்தி எடுத்தார்கள். கப்பல் பதிவேட்டில் அவள் பாட்டனுக்கு என்ன சாதி எழுதியிருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. வெள்ளைக்கார நாட்டு பாஸ்போர்ட் இருந்தால் அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது.

மேடையில் துணை தாசில்தாரும் இருந்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழை அவர் கையால்தான் கொடுத்தார். இவர் இவ்வூரைப் பூர்வீகமாகக் கொண்ட ஆதிமூலம் மகன் சம்மந்தத்தின் வழித்தோன்றல் எனச் சான்றளிக்கப்படுகிறது. கீழே அவர் கையெழுத்து, பதவி, முத்திரை. எல்லாரும் கைதட்டினார்கள். சிந்தாமணி கடைசி வரிசையில் நின்றிருந்தாள். அவள் தட்டவில்லை. ஆதிலட்சுமி மேடைக்குக் கிட்டே போய் அந்தச் சான்றிதழைப் போனில் படம் எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு என் கடையில் கூடிவிட்டார்கள். கமலக்கண்ணன் மறுபடி லீவு போட்டிருந்தான். சிந்தாமணி நடவை விட்டுவிட்டு வந்திருந்தாள். அமிர்தம் வெள்ளைச் சேலை கட்டி வந்திருந்தாள். கவுன்சலிங் வியாழக்கிழமை. அமிர்தத்தின் பிறப்புத் தாள், டி.என்.ஏ. முடிவு, கப்பல் பதிவேட்டு நகல், நடீனுக்குக் கொடுத்த சான்றிதழின் படம், எல்லாவற்றையும் நான் வரிசைப்படி அடுக்கிப் பின் அடித்துக் கொடுத்தேன். கடையை அடைத்துவிட்டு நானும் கூடவே போனேன்.

துணை தாசில்தார் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். அமிர்தத்தின் தகப்பன் ஆதிமூலம் இங்கே இருந்தது சரி என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அதே ஆதிமூலம்தான் கமலக்கண்ணனின் தாத்தா என்பதற்கு என்ன நிச்சயம், ஊருக்கு நாலு ஆதிமூலம் இருப்பான் என்றார். டி.என்.ஏ. தாளை ஆதிலட்சுமி காட்டினாள். அதைக் கூர்ந்து படித்தார். வெளிநாட்டுக் கம்பெனி கொடுத்தது, ஃபைலில் சேர்க்க உத்தரவு கிடையாது என்றார். மேலும் அதிலேயே அத்தை அல்லது பாட்டி அல்லது தகப்பன்வழி உடன்பிறப்பு என்று மூன்றாகப் போட்டிருக்கிறார்கள், அவர்களுக்கே உறுதியில்லை பாருங்கள் என்று விரலை வைத்துக் காட்டினார்.

அமிர்தம் மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். "பாட்டின்னே வெச்சிக்கியேன் சார். நான் இவனுக்குப் பாட்டியா இருந்தா மட்டும் இவன் எந்த ஊருக்காரனா பூடுவான்? எதுவா இருந்தாலும் இந்த ஊருதான?"

அவர் சிரித்தார். நல்ல விதமாகத்தான் சிரித்தார். சட்டம் என்று ஒன்று இருக்கிறதே அம்மா என்றார்.

ஆதிலட்சுமி நடீனின் சான்றிதழ்ப் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். சம்மந்தத்தின் ஊர் இதுதான் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அந்த அம்மாள் எங்கள் ரத்தம் என்று இந்தத் தாள் சொல்கிறது, அப்படியிருக்க அவர்கள் பூர்வீகம், நாங்கள் இல்லையா என்று கேட்டாள். அது விழாவுக்காகக் கொடுத்தது, ஒரு மரியாதை, ரெக்கார்டு இல்லை என்றார் அவர்.

"அப்ப அது பொய்யின்னு எழுதிக் குடுங்க சார்" என்றாள் ஆதிலட்சுமி.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக முகத்தில் இருந்த அந்த நல்ல தன்மை போயிற்று. சின்னப் பெண், பேச்சைப் பார் என்று கமலக்கண்ணனிடம் சொன்னார். நாள் முழுக்க ஐம்பது கிலோ மூட்டை தூக்குகிற அவன் கைகள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த நாற்காலியை அவன் தூக்கி அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

பேசியது சிந்தாமணி. எங்கள் தெருவில் அதிகம் பேசாதவள் அவள்.

"நாத்து நட்டது நாங்க. இந்த ஆபீசு கட்டின எடமே முன்ன வயலுதான், எங்க மாமனாரு இதுல ஏரு ஓட்டினவரு. இந்த ஊரு சேறு பூரா எங்க காலுல. ஒருத்தன் கப்பலேறி ஓடிப் போனான், அவன் வாரிசுக்கு மால. போவாம நின்னவன் வாரிசு வெளியூரு. நாங்களும் அன்னிக்கே ஓடிப்போயிருந்தா, இன்னிக்கு எம் பொண்ணு இந்த ஊரு பொண்ணு. அப்புடித்தான சார்?"

அவர் மணியை அழுத்தினார். மைக்ரன்ட் சான்றிதழ் வேண்டுமானால் இன்றைக்கே கொடுத்துவிடலாம், குழந்தைக்கு ஒரு பேப்பராவது இருக்கும், வெளியே கிளார்க்கிடம் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி எங்கள் தாள்கட்டை எங்களிடமே தள்ளிவிட்டார். பின் அடித்தது அப்படியே இருந்தது. ஒரு தாளைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கிளார்க் சின்னப் பையன், வேலைக்கு வந்து ஒரு வருஷம் இருக்கும். அவனுக்கு எங்கள் கோபம் எதுவும் தெரியாது. படிவத்தை எடுத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தான். பெயர், தகப்பன் பெயர், எந்த ஊரிலிருந்து குடிபெயர்ந்தார், கரைமேடு. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. தலையைத் தூக்காமலே கேட்டான்.

"குடிபெயர்ந்த தேதி?"

கமலக்கண்ணன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அமிர்தம்தான் சொன்னாள்.

"எழுதிக்க. எங்கண்ணன் பொறந்து மூணாம் மாசம். எங்கம்மா கொழந்தைய மாருல சாத்தினு, சீலத் துணியப் போத்தி, வாய்க்காத் தண்ணியில எறங்கிப் புருசன் வூட்டுக்கு வந்தா. எங்கப்பன் இந்தக் கரையில நின்னு புள்ளைய வாங்கினான். அதான் நாங்க குடிபெயர்ந்த தேதி."

அந்தப் பையன் விரல் விட்டு மாதத்தை எண்ணி, "நாற்பத்தெட்டாம் வருஷமா, நாற்பத்தொன்பதா?" என்று கேட்டான். சத்தியமாகக் கேலி செய்யவில்லை. அவன் எழுதத்தான் போனான்.

அவன் பேனா தாளில் படுவதற்கு முன்னால் ஆதிலட்சுமி படிவத்தை இழுத்துக்கொண்டாள். இதில் கையெழுத்துப் போட மாட்டேன், நான் எங்கேயிருந்தும் வரவில்லை என்றாள். அவள் அப்பா அதை அவள் கையிலிருந்து வாங்கினான். படிவத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் படியிறங்கினான்.

வியாழக்கிழமை பொதுப் பட்டியலில் நின்றாள். நூற்றிருபதோடு இடம் முடிந்துவிட்டது. ஒதுக்கீட்டில் அவளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது. கிடைத்த பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களும் எங்கள் பிள்ளைகள்தான். கோபம் யார்மேல் என்று எனக்குத் தெரியும். சென்னையில் கேஸ் போடலாம் என்று ஒரு வக்கீல் சொல்லியிருக்கிறார். போடத்தான் போகிறோம். அதற்குள் அவள் வயசு என்ன ஆகும் என்று வக்கீல் சொல்லவில்லை.

சனிக்கிழமை நடீனிடமிருந்து என் போனுக்குச் செய்தி வந்தது. அவள் ஊர்போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தச் சான்றிதழை வீட்டுக் கூடத்தில் மாட்டிவைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கீழே, ஆதிலட்சுமிக்கு இடம் கிடைத்ததா என்று கேட்டிருந்தாள். நல்ல மனசுக்காரி அவள். அவளைக் கோபிக்க என்ன இருக்கிறது?

போனை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆதிலட்சுமி சிவப்பு மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் கஞ்சித் தண்ணீர். படத்தைக் காட்டினேன். கையைத் துடைக்காமல் குனிந்து பார்த்தாள். என்ன பதில் போடட்டும் என்று கேட்டேன். கலக்கிய தவிட்டை மாட்டுக்கு முன்னால் தள்ளினாள்.

"கெடைக்கலன்னு போடு சித்தப்பா. நீங்க சொந்த ஊருக்கு வந்து பாத்துட்டு நல்லபடியா திரும்பிட்டீங்க. நாங்க இன்னும் வந்தே சேரலையாம்னு போடு."

போட்டேன்.